மிக்கேலம்மாளின் முகம்

வியாகுலம் பெரியம்மா மூன்றாவது முறையாக மிக்கேலம்மாளின் இமைகளைக் கீழே இழுத்துவிட்டு, இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடித்தாள். விரலை எடுத்ததும் இமைகள் மெல்ல மேலே நழுவின. அடியில் ஒரு கீற்று வெள்ளை தெரிந்தது.

“மூட மாட்டேங்குதே,” என்றாள். “எதையோ நெனச்சுக்கிட்டே போயிருக்கா. யாரைப் பாக்கணும்னு இருந்தாளோ, மாதாவுக்குத்தான் தெரியும்.”

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி ஈரப் பஞ்சை வைக்கலாம் என்றாள். இன்னொருத்தி பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் பெட்டி மூடும்வரை தாங்கும் என்றாள். வெந்நீர் வாளியோடு உள்ளே வந்த ஷெரின் அதைத் தரையில் வைத்தாள்.

“விட்டுருங்க பெரியம்மா. மதினிக்குத் தூங்கும்போதும் அம்புட்டுத்தான் மூடும்.”

“தூங்குறது வேற தாயி, இது வேற.”

“பொறந்ததுல இருந்தே முழுசா மூடாது. தெனமும் கண்ணுக்குக் களிம்பு போட்டுத்தான் படுப்பாக.”

பெரியம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வை ஷெரினின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் போய், அங்கே ஈரம் எதுவும் கிடைக்காமல், மற்ற பெண்களிடம் திரும்பியது. ஷெரினுக்குப் புரிந்தது. காலை ஏழு மணிக்கு ஆம்புலன்ஸ் பாம்பன் பாலத்தைத் தாண்டி அக்காள்மடத்துக்குள் நுழைந்ததிலிருந்து அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. நாத்தனார் செத்த வீட்டில் தம்பி பெண்டாட்டி அழாமல் நடமாடினால் ஊர் என்ன பேசும் என்று தெரியாதவள் இல்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வேலை வந்துகொண்டே இருந்தது.

துணியை நனைத்துப் பிழிந்து மிக்கேலம்மாளின் முகத்தைத் துடைத்தாள். நாற்பத்தொன்பது வயது முகம். ஒரு சுருக்கம் கிடையாது. சிரித்தும் சுளித்தும் கசங்கியிராத தோல், புதுத்துணி போல இருந்தது.

பிறக்கும்போதே மிக்கேலம்மாளின் முகத்து நரம்புகள் வேலை செய்யவில்லை. சிரிக்க முடியாது, முகம் சுளிக்க முடியாது, புருவம் ஏறாது. கண்மணிகளும் பக்கவாட்டில் ஓடாது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் தலையையே திருப்புவாள். உதடுகள் ஒட்டாததால் பானாவும் மானாவும் அவள் வாயில் சரியாக வராது. தன் சொந்தப் பெயரையே அவளால் திருத்தமாகச் சொல்ல முடிந்ததில்லை. ராமநாதபுரத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் டாக்டர் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். ஊருக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. ‘கல்லு மூஞ்சி’ என்று ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஜெபஸ்டினைக் கட்டிக்கொண்டு வந்தபோது, ஷெரினுக்கு எல்லாவற்றையும் சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்று, அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிடுவது வேறொன்று. முதல் வாரம் அவள் வைத்த நண்டுக் குழம்பை மிக்கேலம்மாள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் முகத்தில் ஒன்றும் இல்லை. ஷெரினின் கை தானாக அகப்பையை இறக்கிவிட்டது.

“ஒங்க அக்காவுக்கு என்னையப் புடிக்கல,” என்று ஜெபஸ்டினிடம் சொன்னாள்.

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அதான் மூஞ்சியிலயே இருக்கே.”

“அது மூஞ்சியில என்னைக்கு என்ன இருந்துச்சு?” என்று சிரித்தான் அவன். அக்காவின் இடுப்பில் வளர்ந்தவன். அவனுக்கு அந்த முகத்தில் எதுவும் குறையாகத் தெரிந்ததே இல்லை. அதனால் விளக்கிச் சொல்லவும் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஐந்தாம் மாதத்தில் ஷெரினுக்குக் கரு கலைந்தது. தெருவே வந்தது. வாசலிலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, அழுது, மூக்கைச் சிந்தி, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். மிக்கேலம்மாள் அதே முகத்தோடு வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஷெரினின் பாதத்தை எடுத்து மடியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டாள். ஷெரின் பாதத்தை இழுத்துக்கொண்டாள். மிக்கேலம்மாள் எழுந்து போய், இரத்தத் துணிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு பின்பக்கம் கொண்டுபோய் அலசினாள். ‘கல்லுதான்’ என்று அன்றைக்கு ஷெரினும் மனதுக்குள் சொன்னாள்.

அந்த நாளை நினைத்தபோது, துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில் என்று வேலையைத் தொடர்ந்தது.

ஷெரினுக்கு அந்த முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அவள் மகள் டெல்சிதான். பிறந்து இரண்டு மாதத்தில்.

மிக்கேலம்மாள் இருபத்திரண்டு வருடமாக ஊர் பால்வாடியில் ஆயா. அவளை வேலைக்குப் போட்டபோது தாய்மார்கள் கூட்டமாகப் போய் வேண்டாம் என்றார்களாம். “பிள்ளைக பயந்து காச்சல்ல விழும்” என்றார்களாம். டீச்சர் நாகலெட்சுமி ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு மாதத்தில், அம்மாவின் இடுப்பிலிருந்து ஆயாவிடம் தாவாத குழந்தை ஊரில் இல்லை. எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. பழகிவிட்டது என்றார்கள்.

எப்படி என்பதை ஷெரின் தன் வீட்டுக் கூடத்தில், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். டெல்சி அத்தையின் முகத்தைப் பார்ப்பாள். நன்றாக, விடாமல் பார்ப்பாள். பிறகு ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுக் காத்திருப்பாள். பதில் வராவிட்டால் இன்னொரு சிரிப்பு, ஒரு சத்தம், கையை ஆட்டல். அதற்கும் வராவிட்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள், அப்புறம் அழுகைதான். மிக்கேலம்மாளுக்கு அந்தக் கணக்கு அத்துபடி. குழந்தை மனம் விட்டுப்போகும் கணத்துக்கு ஒரு நொடி முன்னால், அவள் கட்டைவிரல் பாதத்தில் இரண்டு தட்டுத் தட்டும். தொண்டைக்குள்ளிருந்து ஒரு ராகம் எழும்பும். அதற்கு உதடு வேண்டாம். தோள் குலுங்கும். டெல்சி கெக்கலித்துச் சிரிப்பாள். பத்து நாளில் குழந்தை வாயைத் தேடுவதை விட்டுவிட்டது. கண்ணைப் பார்த்தது, தோளைப் பார்த்தது, கையைப் பார்த்தது. எங்கே பார்த்தால் அத்தை கிடைப்பாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. குழந்தையின் பார்வை போன வழியே ஷெரினும் பார்த்தாள். நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தான் இந்தக் கையைப் பார்த்ததே இல்லையே என்று அன்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சின்னப் பிள்ளைக எந்த மூஞ்சியா இருந்தாலும் நின்னு பாக்கும்,” என்று மிக்கேலம்மாள் ஒருநாள் சொன்னாள். “கோவப்பட்ட மூஞ்சி, பயந்த மூஞ்சி, அழுத மூஞ்சி, எல்லாத்தையும் பாக்கும். பயந்த மூஞ்சின்னா இன்னும் கொஞ்சம் கூட நேரம் பாக்கும். பெரியவுகதான் ஒரு பார்வை பாத்துட்டு எடுத்துருவாக. அவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனப்பு.”

“இதெல்லாம் எப்படி மதினி கண்டுபிடிச்சீக?”

“எனக்கு வேற என்ன வேலை? என்னையப் பாத்துட்டு எல்லாரும் அங்கிட்டுத் திரும்பிருவாக. நான் அவுகளைப் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

“சிரிக்கணும்னு தோணுச்சுன்னா என்ன செய்வீக?”

“சிரிப்பேன்,” என்றாள் மிக்கேலம்மாள். தோள் குலுங்கியது.

குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது ஜெபஸ்டின் செத்துப்போன தன் அம்மா பெயரின் முதல் எழுத்தில் மெர்லின் என்றான். ஷெரின் டெல்சி என்று பிடிவாதமாக நின்றாள். ஷெரின் என்ற பெயரில் உதடு ஒட்டும் எழுத்து கிடையாது. அந்த வீட்டிலேயே மிக்கேலம்மாள் வாயில் முழுசாக வந்த பெயர் அது ஒன்றுதான். டெல்சியிலும் கிடையாது. காரணத்தை ஷெரின் யாரிடமும் சொல்லவில்லை. பெயர் சூட்டிய அன்று மிக்கேலம்மாள் அந்தப் பெயரை ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே திரிந்தாள்.

போன திங்கட்கிழமை மத்தியானம் பால்வாடியிலிருந்து வந்தவள், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் எப்போதும் போல. ஆனால் இடது கை முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஷெரின் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோவுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் இடத்தில் இருந்த சின்ன வயது நர்ஸ் மிக்கேலம்மாளை ஒரு பார்வை பார்த்தாள். “வலி ரொம்ப இருக்கிற மாதிரித் தெரியலையே. வரிசையில உக்காருங்க” என்றாள்.

ஷெரின் மதினியின் கையை மேசைமேல் தூக்கி வைத்தாள். “மூஞ்சியப் பாக்காதம்மா. இந்தக் கையப் பாரு.”

நகங்கள் உள்ளங்கையில் பதிந்து நான்கு பிறைகள் சிவந்திருந்தன. நர்ஸ் எழுந்துவிட்டாள். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஈசிஜி எடுத்த டாக்டர், “இந்த நெஞ்சுவலியோட எப்படி இவ்வளவு அமைதியா உக்காந்திருந்தாங்க?” என்று ராமநாதபுரத்துக்கு அனுப்பினார். அங்கே இரண்டு நாள். புதன் விடியற்காலையில் இதயம் நின்றுபோனது. கடைசிவரை அந்தக் கை ஷெரினின் கைக்குள்தான் இருந்தது.

குளிப்பாட்டி, வெள்ளைப் புடவை உடுத்தி, கையில் ஜெபமாலையைச் சுற்றி முடித்தபோது பத்து மணி. வெளியே தெருமுனையில் சலசலப்பு கேட்டது.

“எம்புட்டு லட்சணமா இருக்கா பாரு!”

“நம்ம மிக்கேலம்மாளா இது?”

ஷெரின் போய்ப் பார்த்தாள். மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கண்ணீர் அஞ்சலி பேனரைக் கட்டியிருந்தார்கள். பால்வாடி அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான். ஆனால் அதில் மிக்கேலம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். உதடு விரிந்து, மேல்வரிசைப் பல் தெரிந்து, கன்னம் உப்பி, கண்ணோரம் சுருங்கிய சிரிப்பு. செல்போனில் ஏதோ செயலி இருக்கிறது. எந்த முகத்தையும் சிரிக்க வைத்துவிடும்.

தெரு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வியாகுலம் பெரியம்மாகூட உள்ளிருந்து வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நாற்பத்தொன்பது வருடமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாரும், இப்போது கண்ணை எடுக்காமல் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை ஷெரின் பார்த்தாள்.

ஜெபஸ்டின் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு நாள் தூக்கமில்லாத கண்கள். “நல்லாத்தானே இருக்கு, ஷெரின்,” என்றான், கேள்வி போல.

“இது யாருங்க?” என்றாள் அவள்.

அவன் பேனரைப் பார்க்கவில்லை.

ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கும் காளிராஜ் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். இருபத்து நாலு வயது. மிக்கேலம்மாள் பால்வாடிக்கு வந்த முதல் வருடத்துப் பிள்ளைகளில் ஒருவன். அழுது அழுது அவன் கண்ணும் மூக்கும் வீங்கியிருந்தன.

“நாந்தான்க்கா செஞ்சேன். அண்ணன் சொல்லல. சேதி கேட்டதுல இருந்து ஒக்காந்து செஞ்சேன். எனக்கு ஊட்டிவிட்டு வளத்தவுக. ஒரு தடவையாச்சும் அவுக சிரிச்சுப் பாக்கணும்னு…”

கோபத்தோடு வந்த ஷெரினுக்கு அது எங்கேயோ இறங்கிப்போனது. அவன் கையைப் பிடித்து, பேனருக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்தாள்.

“காளி, நீ சேட்டை பண்ணுனா ஆயாம்மா என்ன செய்வாக?”

“அதட்டுவாக.”

“சேட்டை பண்ணி, அவுகளுக்கே சிரிப்பு வந்துருச்சுன்னா?”

காளிராஜ் யோசித்தான். “தோளு குலுங்கும். மூக்குல ஒரு சத்தம் வரும். இப்படி.” அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினான். செய்துவிட்டுத் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான்.

“நீ பாத்திருக்க காளி. நெறையாத் தடவை பாத்திருக்க.”

அவன் திரும்பிப் பேனரைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தான்.

“ஏலே, என்ன செய்ற?” என்று பெரியம்மா கத்தினாள். “பாக்க அம்சமா இருக்கு. போற காலத்துலயாவது நல்ல மூஞ்சியோட போகட்டுமே!”

“அவுக மூஞ்சியோட போகட்டும் பெரியம்மா,” என்றாள் ஷெரின். குரல் உயரவில்லை. ஆனால் தெரு முழுக்கக் கேட்டது.

யாரோ முணுமுணுத்தார்கள். கண்ணுல தண்ணி இல்ல, இதுல இவளுக்கு அதிகாரம் வேற.

அந்த அட்டைப் படத்தையே போட்டால் எல்லாருக்கும் இந்தச் சிரிப்புதான் ஞாபகம் வரும். வேறு படம் வேண்டுமே என்று பார்த்தால், இல்லை. அட்டைக்கு எடுத்ததைத் தவிர மிக்கேலம்மாளைத் தனியாக யாரும் படம் எடுத்ததில்லை. குடும்பப் படங்களில் அவளை ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கல்யாணப் படத்தில் பாதித் தோள்தான் தெரிந்தது. அப்போது பால்வாடியைப் பூட்டிவிட்டு வந்த நாகலெட்சுமி டீச்சர் தன் செல்போனைத் துழாவி ஒன்றை நீட்டினாள்.

“இது ஒண்ணு இருக்கு ஷெரின். ஆனா இதப் போட முடியாது.”

பால்வாடி வாசல். மிக்கேலம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். அதே அசையாத முகம். மடியில் ஏழெட்டு மாதக் குழந்தை ஒன்று, பட்டையால் தலையில் கட்டிய கனத்த மூக்குக்கண்ணாடியோடு, அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து வாயெல்லாம் சிரிப்பாக இருக்கிறது. அது மின்ஹா. சுலைகாவின் மகள்.

அந்தக் கதை ஊருக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால், நான்கு மாதக் குழந்தையாக மின்ஹாவை எடை போடக் கொண்டுவந்தார்கள். ஆயா தூக்கியபோது அது அழவே இல்லை. “பாரேன், ஆயாம்மாவப் பாத்து பயப்படவே இல்ல எம்பிள்ளை” என்று சுலைகா பெருமைப்பட்டாள். மிக்கேலம்மாள் மட்டும் குழந்தையைத் திருப்பித் தரவில்லை. “எல்லாப் பிள்ளையும் என் மூஞ்சியப் பாத்து மொதல்ல முழிக்கும், சுலைகா. இது முழிக்கல. இது என்னையப் பாக்கல” என்றாள். யாரும் நம்பவில்லை, கண் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். சுலைகாவின் மாமனார் காதர் மைதீன், கல்லு மூஞ்சிக்காரி பேச்சைக் கேட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதா என்று சத்தம் போட்டார். நான்கு நாள் தொடர்ந்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள் மிக்கேலம்மாள். ஐந்தாம் நாள் அவளே கூடப்போய் மதுரைக்கு பஸ் ஏறினாள். இரண்டு கண்ணிலும் பிறவியிலேயே புரை. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் பிறகு ஆபரேஷன் செய்தும் பயன் இருந்திருக்காது என்றார்களாம். கண்ணாடி போட்டு ஊருக்குத் திரும்பிய அன்று எடுத்தது அந்தப் படம்.

“செத்தவுக பேனர்ல உசுரோட இருக்குற பிள்ளை படத்தைப் போடுவாகளா?” என்றாள் பெரியம்மா. இந்த முறை அவளோடு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். காளிராஜ், குழந்தையை மட்டும் வெட்டிவிட்டு முகத்தை எடுக்கிறேன் என்றான்.

“வெட்டாதீங்க தம்பி.”

கூட்டத்துக்குப் பின்னால் சுலைகா நின்றிருந்தாள். கறுப்புத் துப்பட்டாவுக்குள் முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் மின்ஹா, கனத்த கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாகத் தெரியும் கண்களோடு.

“எம்பிள்ளைதான். நான் சொல்றேன், போடுங்க.”

“யோசிச்சுச் சொல்லும்மா,” என்றாள் பெரியம்மா, இறங்கிய குரலில். “ஒங்க வீட்டுல என்ன சொல்வாகளோ.”

“அவ அத்தா, எங்க வீட்டுக்காரருதான் சொல்லிவிட்டுச்சு, எது கேட்டாலும் செய்யின்னு. எங்க மாமாவும் வந்திருக்காக, அந்தா.” தெருவுக்கு அந்தப் பக்கம், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு காதர் மைதீன் நின்றிருந்தார். “அக்கா இல்லேன்னா இவளுக்குப் பாக்குறதுன்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது. இவ தெளிவாப் பாத்த மொத மூஞ்சி அதுதான். அதை எதுக்கு வெட்டணும்?”

காளிராஜ் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு வண்டியை எடுத்தான். ஒரு மணிக்குப் புதுப் பேனர் வந்தது. இம்முறை யாரும் அழகு என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நாலைந்து இளம் தாய்மார்கள் ஒவ்வொருவராக அதற்குக் கீழே வந்து நின்றார்கள். பெரியம்மாவும் வந்தாள். முதலில் குழந்தையைப் பார்த்தாள். குழந்தை எங்கே பார்க்கிறது என்று பார்த்தாள். அப்புறம் மெதுவாக மேலே பார்த்தாள்.

மூன்று மணிக்குப் பங்குச் சாமியார் வந்தார். கோயில் மணி விட்டுவிட்டு அடித்தது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் சிலுவை இட்டுவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து டெல்சியைத் தூக்கிக்கொண்டு வந்தாள் ஷெரின்.

“பச்சப் பிள்ளைய அங்கன கொண்டு வராத. பயந்துரும்.”

“பயப்படாது.”

ஒன்பது மாதக் குழந்தை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. மற்ற வீடுகளில் என்றால் செத்தவர் முகம் மாறிப்போயிருக்கும். டெல்சிக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அத்தையின் முகம் எப்போதும் இருப்பதுபோலத்தான் இருந்தது. டெல்சி சிரித்தாள்.

அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

டெல்சி காத்திருந்தாள். இன்னொரு சிரிப்பு சிரித்தாள். ‘ங்கா’ என்று ஒரு சத்தம் கொடுத்தாள். ஷெரினின் இடுப்பிலிருந்து வளைந்து, பாதத்தைப் பெட்டியின் பக்கமாக நீட்டினாள். கண்ணைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். ஜெபமாலை சுற்றியிருந்த கையை வெகுநேரம் பார்த்தாள். மறுபடியும் முகத்துக்கு வந்தாள். இவ்வளவு நேரம் அத்தை அவளைக் காக்கவைத்ததே இல்லை. இனி திருப்பிக்கொள்வாள், இதோ திருப்பிக்கொள்வாள் என்று ஷெரின் நினைக்க நினைக்க, குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு நீட்டிய காலை மடக்கிக்கொண்டு, தலையைத் தாயின் தோளில் சாய்த்துக்கொண்டது. அழவில்லை.

“பிள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்று ஒருத்தி விசும்பினாள்.

ஷெரின் குனிந்து, மிக்கேலம்மாளின் நெற்றியில் சிலுவை இட்டாள். “வாரேன் மதினி” என்றாள், பால்வாடிக்குக் கிளம்புகிறவளிடம் சொல்வது போல.

அடக்கம் முடிந்து வீடு திரும்பும்போது ஐந்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. கல்லறை வரைக்கும் பெட்டியைத் தூக்கப் பையன்கள் போட்டி போட்டார்கள். மீசை முளைத்தவனும் முளைக்காதவனுமாக, எல்லாம் பால்வாடிப் பிள்ளைகள். காளிராஜ் தோளைக் கொடுத்தவன் கடைசிவரை மாற்றவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் தெருவில் நின்றார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, ஷெரினைக் குளிக்கச் சொன்னார்கள். தலையைத் துவட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, வியாகுலம் பெரியம்மா ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கண் ஷெரினின் முகத்துக்குப் போகவில்லை. டம்ளரை வாங்கிய கைக்குப் போனது. இறுக்கிப் பிடித்ததில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பெரியம்மா அந்தக் கையோடு சேர்த்து டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். குடித்து முடிக்கும்வரை விடவில்லை.

“அவன் கரையில இருக்கான்,” என்றாள். “காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. போய்ப் பாரு.”

துக்கத்துக்காக அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. ஒன்றின் மறைவில் ஜெபஸ்டின் உட்கார்ந்திருந்தான். கூட நாலைந்து ஆட்கள் நின்றார்கள். ஷெரின் டெல்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியோடு மணலில் இறங்கி நடந்தாள்.

கிட்டே போனபோதுதான் தெரிந்தது. ஜெபஸ்டின் அழுதுகொண்டிருந்தான். வீட்டில், கோயிலில், கல்லறையில் அழாமல் வைத்திருந்ததெல்லாம் இங்கே வந்து உடைந்திருந்தது. முகம் கோணி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, மூக்கும் கண்ணும் ஒழுக, சத்தமில்லாமல் அழுதான். ஆட்கள் அவனைப் பார்க்கவில்லை. ஒருவர் பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் வலைக்கயிற்றில் இல்லாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் செல்போனை எடுத்து, பார்த்து, பைக்குள் போட்டுவிட்டு, மறுபடியும் எடுத்தார். ஷெரின் வருவதைக் கண்டதும் சொல்லிவைத்ததுபோல விலகி நடந்தார்கள்.

ஜெபஸ்டின் நிமிர்ந்தான். மகளைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடப்போனான்.

டெல்சி அவனைப் பார்த்தாள். தன் அப்பாவுக்கு இப்படி ஒரு முகம் இருப்பதை அவள் அதுவரை கண்டதில்லை. சிரிக்கவில்லை, அழவில்லை. இழுத்துக்கொண்டிருந்த வாயை, நனைந்த தாடியை, சிவந்த கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அலை ஒன்று வந்து வள்ளத்தின் பின்புறத்தை நனைத்துவிட்டுப் போனது. அவள் அங்கே திரும்பவில்லை.

துண்டு பாதியில் நின்றது.

ஷெரின் தூக்குச்சட்டியை மணலில் வைத்தாள். பிள்ளையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள், நன்றாகத் தெரியும்படி. பிறகு அவளும் பார்த்தாள்.